ஏற்காட்டு வீட்டை எங்கிருந்தும் எட்டுவது எப்படி? விபிஎன் டனல், கிளவுட் சர்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைமேல் தோட்டத்து வீடு. அதில் கேமரா படத்தைப் பதியும் டிவிஆர் ஒன்று, நான்கைந்து கேமரா, மோட்டார் கண்ட்ரோலர், கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் ஒன்று. ஆள் இருப்பதோ சேலம் அஸ்தம்பட்டியில், அல்லது பெங்களூரில், அல்லது துபாயில். இங்கிருந்து அந்த வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாகப் போய்வர வழி செய்வதுதான் இந்தப் பக்கத்தின் பொருள். மலையில் வீடு இல்லாமல் செவ்வாய்பேட்டைப் பட்டறையோ அம்மாபேட்டைத் தறிக்கூடமோ என்றாலும் இதே முறைதான்.

கீழே வரும் எல்லாப் பதில்களிலும் ஒரே உதாரணம். வீட்டு நெட்வொர்க் 192.168.37.0/24, அதாவது 192.168.37 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும். வீட்டு ரூட்டர் 192.168.37.1, ராஸ்ப்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் (இனி பை) 192.168.37.10, டிவிஆர் 192.168.37.50. டனலுக்குள் கிளவுட் சர்வர் (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டர்) 10.77.0.1, பை 10.77.0.2, போன் 10.77.0.3. டனல் என்பது இணையத்தின் நடுவே போடும் பூட்டிய தனி வழி; அதைப் போடும் விபிஎன் மென்பொருள் வயர்கார்டு. கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) வரிகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல் தட்ட வேண்டும்.

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் அமைப்பு) போட்டால் போதாதா? நடுவில் கிளவுட் சர்வர் எதற்கு?

இரண்டு காரணம். முதலாவது, பெரும்பாலான வீடுகளுக்கு இன்று சொந்தமாகப் பொது ஐபி முகவரி கிடையாது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. பற்றாக்குறையால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. இதற்குப் பெயர் சிஜிநாட். உங்கள் ரூட்டரில் நீங்கள் போர்ட்டைத் திறந்தாலும், பல வீடுகளை ஒரே முகவரியில் காட்டும் நிறுவனத்தின் நாட் கருவி வெளியிலிருந்து வருவதை உங்கள் வீட்டுக்கு அனுப்பாது. கண்டுபிடிப்பது எளிது. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் முகவரியை, அதாவது ரூட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் அது சிஜிநாட். அந்த வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 10 என்றோ 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினாலும் பொது முகவரி இல்லை. 4ஜி சிம் போட்ட ரூட்டர் என்றால் பார்க்கவே வேண்டாம், அநேகமாக சிஜிநாட்தான்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரிது. பொது முகவரி இருந்தாலும் டிவிஆரை நேரே இணையத்தில் திறந்து வைக்கக் கூடாது. 2016-இல் மிராய் என்ற பாட்நெட் (களவாகக் கைப்பற்றிய கருவிகளின் படை), தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அந்த அக்டோபரில் இணையப் பெயர்களை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டின் என்ற டிஎன்எஸ் நிறுவனம் முடங்கியது அந்தப் படையால்தான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது: 2021-இல் ஹிக்விஷன் கருவிகளில் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே புகவிடும் ஓட்டை ஒன்று வெளிவந்தது. டிவிஆர்களுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போடுகிறவர் அரிது. ஆகவே வீட்டுக்கு வெளிக்கதவே வேண்டாம். வீடு தானே வெளியே வந்து சர்வரைப் பிடித்துக்கொள்ளட்டும். நாமும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வோம்.

ஐபிவி6 இருந்தால் சர்வர் இல்லாமலே முடியுமா?

முடியும், சில வீடுகளில். ஐபிவி6-இல் முகவரிப் பஞ்சம் இல்லாததால் வீட்டுக்கு நேரடிப் பொது முகவரி கிடைக்கும். ஆனால் மூன்று நிபந்தனைகள். நீங்கள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். நிறுவனம் கொடுத்த ரூட்டரின் ஃபயர்வால் (தடுப்பு விதிகள்) உள்வரும் இணைப்பைத் திறக்க விட வேண்டும். ரூட்டர் மறுபடி இணையும்போதெல்லாம் முகவரி மாறினால் அதைப் பின்தொடர டைனமிக் டிஎன்எஸ் வேண்டும். ஹோட்டல் வைஃபையிலோ அலுவலகத்திலோ முதல் நிபந்தனையே உடையும். இதைக் கூடுதல் வழியாக வைத்துக்கொள்ளலாம், ஒரே வழியாக வேண்டாம்.

எந்தச் சர்வர் எடுப்பது? எங்கே? எவ்வளவு செலவு?

வயர்கார்டு மிக இலேசானது. 512 எம்பி ரேம், ஒரு சிபியு போதும். இதற்கென்று பெரிய பிளான் வாங்க வேண்டியதில்லை. டிஜிட்டல் ஓஷனின் சிறிய பிளான் மாதம் 4 டாலர், வரி தனி. அதில் 500 ஜிபி டேட்டா சேர்ந்தே வருகிறது. அவர்களுக்குப் பெங்களூரில் மையம் உண்டு. அமேசான், கூகுள், ஆரக்கிள் மூன்றுக்கும் மும்பையிலும், லினோடுக்கு மும்பை, சென்னை இரண்டிலும் மையங்கள் உள்ளன. அமேசானில் எடுப்பவர்கள் கவனிக்க: 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் தனிக் கட்டணம். மாதத்துக்கு 3.6 டாலர் அதிலேயே போய்விடும்.

இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபைபரில் ஒளி 200 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட். சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடைவெளி அவ்வளவுதான். பாக்கெட் சென்னையைச் சுற்றிப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. அமெரிக்கச் சர்வரை எடுத்தால், ஏற்காட்டுப் படம் அஸ்தம்பட்டிக்கு வர உலகத்தைச் சுற்றி வரும். கேமராவைத் திருப்பும் பட்டனை அழுத்தினால் கை ஓய்ந்த பிறகு கேமரா திரும்பும்.

பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால், கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பாருங்கள். 2020 முதல் புதுக் கார்டுகளில் அது மூடியே வருகிறது.

வீட்டில் என்ன கருவி வைப்பது?

எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கருவி ஏதாவது ஒன்று. சிசிடிவி பார்ப்பதற்கு ராஸ்ப்பெரி பை 3 போதும். பை 4 என்றால் தாராளம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஓடும் ரூட்டர் கையில் இருந்தால் இன்னும் நல்லது, தனிக் கருவியே வேண்டாம். பையை வைஃபையில் இணைக்காதீர்கள், ஈத்தர்நெட் கேபிளில் இணையுங்கள். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் ஓட்டினால் வோல்டேஜ் சரிந்து, காரணம் தெரியாமல் நின்று நின்று போகும்.

மலையில் கரண்ட் அடிக்கடி போய் வருவதால் எஸ்டி கார்டுதான் முதல் பலி. எழுதும் நடுவில் கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் கெடும். பதிவுகளை ரேமில் எழுதும்படி மாற்றுங்கள், அல்லது சிறிய யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்யுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் பைக்கும் சேர்த்து 10 வாட் அளவுதான் ஆகும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 84 வாட்-அவர் இருக்கிறது; பாதியைப் பயன்படுத்தினாலே நான்கு மணி நேரம் தாங்கும். பைக்கு மட்டும் 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் கேபிள்காரர் கம்பத்தில் மாட்டியிருக்கும் சுவிட்சுக்கு பேக்கப் இல்லையென்றால் உங்கள் பேட்டரி இருந்தும் பயனில்லை. அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீட்டு முகவரியை 192.168.1 என்றே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பாதி உலகத்து ரூட்டர்கள் அந்த எண்ணோடுதான் வருகின்றன. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலும் 192.168.1, தோட்டத்து வீட்டிலும் 192.168.1 என்றால், போன் டிவிஆரைப் பக்கத்து அறையில் தேடும், டனலுக்குள் அனுப்பாது. 192.168.37 போல யாரும் வைக்காத எண்ணாக முதலிலேயே மாற்றுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. கேமரா ஒவ்வொன்றுக்கும் நிலையான முகவரி கொடுத்திருப்பார்கள்.

சர்வரில் செய்ய வேண்டியவை என்னென்ன?

டெபியன் 12 அல்லது உபுண்டு 24.04 எடுங்கள். வயர்கார்டு 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே வயர்கார்டு தொகுப்பை மட்டும் நிறுவினால் போதும். ஜென்கீ கட்டளை பிரைவேட் கீ என்ற ரகசியச் சாவியைத் தரும். அதை பப்கீ கட்டளைக்குக் கொடுத்தால், மறுமுனைக்குக் கொடுக்க வேண்டிய பப்ளிக் கீ வரும். ஒவ்வொன்றும் 44 எழுத்து, கடைசியில் சமக்குறி. சமக்குறியை விட்டுவிட்டுக் காப்பி எடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சர்வர், பை, போன் மூன்றுக்கும் தனித்தனி ஜோடி. பிரைவேட் கீ அந்தந்தக் கருவியை விட்டு வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடவே கூடாது.

சர்வரின் கான்ஃபிக் கோப்பில் முகவரி 10.77.0.1/24, லிசன் போர்ட் 51820. அதன்கீழ் இரண்டு பியர், அதாவது மறுமுனைக் கருவிகள். பைக்கு உரிய பியரில் அலவ்டு ஐபீஸ் வரி 10.77.0.2/32, 192.168.37.0/24. போனுக்கு உரியதில் 10.77.0.3/32 மட்டும். (/32 என்றால் அந்த ஒரே முகவரி.) பிறகு கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை (வந்த பாக்கெட்டை அடுத்த கருவிக்குக் கடத்தும் வசதியை) 1 ஆக்கி, ரீபூட்டுக்குப் பின்னும் நிலைக்கும்படி சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுதுங்கள். ஃபயர்வாலில் வயர்கார்டு பேசும் யூடிபி 51820-ஐத் திறந்து, டனல் இன்டர்ஃபேஸில் நுழைந்து அதே இன்டர்ஃபேஸில் வெளியேறும் போக்குவரத்தையும் அனுமதியுங்கள். இந்த இரண்டாவது பாதி பலருக்கு விட்டுப்போகும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் இயல்பாகவே ஃபார்வர்ட் செய்வதைத் தடுக்கும். முடிவில் டபிள்யூஜி-குயிக் சேவையை எனேபிள் செய்யுங்கள், சர்வர் ரீபூட் ஆனாலும் டனல் தானே எழும்.

சேவ் கான்ஃபிக் என்ற வரி கோப்பில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அது இருக்கும்போது, டனல் ஓடிக்கொண்டிருக்கையில் கோப்பைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்தால், பழைய நிலையை மேலெழுதி உங்கள் திருத்தத்தை அழித்துவிடும்.

பையில்?

முகவரி 10.77.0.2/24. ஒரே ஒரு பியர், அது சர்வர். எண்ட்பாயின்ட்டாகச் சர்வரின் பொது ஐபி எண்ணும் 51820-உம். அலவ்டு ஐபீஸ் 10.77.0.0/24. பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25.

இந்த 25-ஐ மறக்காதீர்கள். நாட் கருவிகள், போக்குவரத்து இல்லாத யூடிபி வழியைச் சிறிது நேரத்தில் மூடிவிடும். பல கருவிகளில் 30 வினாடியே கெடு. 25 வினாடிக்கு ஒருமுறை பை ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருந்தால் வழி திறந்தே இருக்கும். இந்த வரி இல்லாவிட்டால், அமைத்த அன்று வேலை செய்யும், மறுநாள் காலையில் வீட்டை எட்ட முடியாது. போனில் இது தேவையில்லை, பேட்டரிதான் தீரும்.

எண்ட்பாயின்ட்டில் டொமைன் பெயருக்குப் பதில் எண்ணையே எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வயர்கார்டு பெயரை எழும்போது ஒரே ஒரு தடவைதான் ஐபி எண்ணாக மாற்றிக்கொள்ளும். கரண்ட் வந்ததும் பை பூட் ஆகிவிடும், இணையம் வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் பெயரைத் தேடித் தோற்றால் டனல் சேவையே தோற்றுவிடும். சர்வரின் ஐபி மாறாமல் இருப்பதையும் உறுதி செய்யுங்கள். அமேசானில் சர்வரை நிறுத்தித் தொடங்கினாலே பொது ஐபி மாறும், எலாஸ்டிக் ஐபி வாங்கினால்தான் நிலைக்கும்.

பையிலும் ஐபி ஃபார்வர்டிங் 1. கூடவே, 10.77.0.0/24-இலிருந்து வந்து ஈத்தர்நெட் வழியே வெளியேறும் பாக்கெட்டுகளுக்கு மாஸ்கரேட் விதி. ஏன் என்பதற்கு விளக்கம் கீழே வருகிறது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான இடம் அது.

போனில்?

வயர்கார்டு ஆப் இலவசம். கம்ப்யூட்டரில் கான்ஃபிக் எழுதி, கியூஆர் கோடாக மாற்றி ஸ்கேன் செய்தால் தட்டச்சுப் பிழை வராது. முகவரி 10.77.0.3/32. அலவ்டு ஐபீஸ் 10.77.0.0/24, 192.168.37.0/24. இப்படி எழுதினால் வீட்டுக்குப் போவது மட்டும் டனலில் போகும். யூடியூபும் வாட்ஸ்அப்பும் வழக்கமான வழியில் போகும். டிஎன்எஸ் வரியைக் காலியாக விடுங்கள். அதில் எதையாவது போட்டு அது பதில் தராவிட்டால், டனல் ஆன் செய்த உடனே போனில் இணையமே போய்விட்டது போலத் தெரியும். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும், அலுவலக விபிஎன் இருந்தால் மாற்றி மாற்றித்தான் போட வேண்டும்.

மனைவி போன், மகன் போன் என்று ஒவ்வொன்றுக்கும் புதுக் கீ, புது முகவரி. ஒரே கான்ஃபிக்கை இரண்டு போன்களில் போட்டால், கடைசியாகப் பேசிய போனுக்கே சர்வர் பதில் அனுப்பும். இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும்.

மலைக்கு எடுத்துப் போகும்முன் சோதிக்க முடியுமா?

கட்டாயம் சோதியுங்கள். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒரு கமாவைத் திருத்த மறுபடி ஏற வேண்டாம். சேலத்திலேயே பையை ஒரு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். அது சிஜிநாட் சூழல்தான், மலைமேல் 4ஜி ரூட்டரிலும் அதே நிலைமைதான். இன்னொரு போனில் வேறு நிறுவனச் சிம்மிலிருந்து 10.77.0.2-க்குப் பிங் (பதில் வருகிறதா என்று கேட்கும் கட்டளை) போகிறதா பாருங்கள். பையின் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி சொருகி, எதையும் தொடாமல் டனல் திரும்ப எழுகிறதா என்று பாருங்கள். பத்து தடவை இதைச் செய்தால் பத்து தடவையும் எழ வேண்டும்.

ஹேண்ட்ஷேக்கே நடக்கவில்லை. எங்கே தேடுவது?

டபிள்யூஜி ஷோ கட்டளை கொடுங்கள். கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் கீயைச் சரிபார்த்துக் கைகோர்ப்பது) நேரம் காட்டவில்லை என்றால், பாக்கெட் சர்வரை எட்டவில்லை அல்லது கீ பொருந்தவில்லை. வயர்கார்டு தெரியாதவருக்குப் பதிலே சொல்லாது, தவறான கீ என்றால் மௌனம்தான். அந்தக் குணத்தால்தான் போர்ட் ஸ்கேன் செய்பவர் கண்ணில் அது படுவதில்லை. கோளாறு தேடும்போது அதே குணம் நம்மையும் சோதிக்கும். சர்வரில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டி யூடிபி 51820-இல் ஏதாவது வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் ஃபயர்வால். கிளவுட் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒரு ஃபயர்வால், சர்வருக்குள் ஒரு ஃபயர்வால் என்று இரண்டு இருப்பதை மறக்காதீர்கள். ஆரக்கிளின் உபுண்டு இமேஜில் உள்ளேயே ஐபிடேபிள்ஸ் தடை விதி எழுதித்தான் தருகிறார்கள். வருகிறது ஆனால் பதில் போகவில்லை என்றால் கீ. பப்ளிக் கீ இருக்க வேண்டிய இடத்தில் பிரைவேட் கீ ஒட்டியிருக்கும், அல்லது தன் கீயையே பியரின் கீயாக எழுதியிருக்கும்.

ஹேண்ட்ஷேக் நடக்கிறது, ஆனால் டிவிஆர் திறக்கவில்லை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். டனல் போடுவது பாதி வேலை. பாக்கெட் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வரும் வழி தெரிய வேண்டும், அது மீதிப் பாதி.

அலவ்டு ஐபீஸ் வரி இரண்டு வேலை செய்கிறது. போகும்போது, எந்த முகவரிக்கான பாக்கெட்டை எந்தப் பியரிடம் தருவது என்று முடிவு செய்கிறது. வரும்போது, இந்தப் பியரிடமிருந்து எந்த முகவரி பேசலாம் என்று வடிகட்டுகிறது. பையின் வரியில் 10.77.0.1/32 என்று சர்வரை மட்டும் எழுதியிருந்தால், போனிலிருந்து 10.77.0.3 என்ற முகவரியோடு வரும் பாக்கெட்டைப் பை சத்தமில்லாமல் எறிந்துவிடும். இன்னொன்று: சர்வரில் ஒரே முகவரியை இரண்டு பியர்களுக்கு எழுதினால் பிந்தியதே ஜெயிக்கும், முந்தியவரிடமிருந்து அது பறிபோகும்.

போனிலிருந்து படிப்படியாகப் பிங் செய்யுங்கள், எந்தப் படியில் நிற்கிறதோ அங்கே கோளாறு. 10.77.0.1 பதில் தரவில்லையா? போனின் கான்ஃபிக்கும், சர்வரில் போனுக்கான பியரும். அது தருகிறது, 10.77.0.2 தரவில்லையா? சர்வரின் ஃபார்வர்டிங், அதன் ஃபயர்வால், அல்லது மேலே சொன்ன பையின் அலவ்டு ஐபீஸ். அதுவும் தருகிறது, பையின் வீட்டு முகவரியான 192.168.37.10 தரவில்லையா? சர்வரில் பைக்கு உரிய வரியிலோ போனின் வரியிலோ 192.168.37.0/24 விடுபட்டிருக்கிறது. 192.168.37.1 மட்டும் தரவில்லை என்றால் பையின் ஃபார்வர்டிங் அல்லது மாஸ்கரேட். பையில் டாக்கர் ஓடினால், அது ஃபார்வர்ட் கொள்கையைத் தடை என்று மாற்றி வைத்திருக்கும். அனுமதி விதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மாஸ்கரேட் இல்லாவிட்டால் 192.168.37.50-இல் உள்ள டிவிஆருக்கு 10.77 எங்கே இருக்கிறது என்று தெரியாது. டிவிஆர் பதிலைத் தன் கேட்வேயான வீட்டு ரூட்டரிடம் கொடுக்கும். ரூட்டருக்கும் 10.77 தெரியாது, அது இணையப் பக்கம் தள்ளிவிடும், பாக்கெட் அங்கேயே தொலையும். கேமரா மாட்டியவர் கேட்வே இடத்தையே காலியாக விட்டிருந்தால் டிவிஆரை விட்டே பதில் கிளம்பாது. இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, ரூட்டரில் 10.77.0.0/24-க்குப் போக வேண்டியதை 192.168.37.10-இடம் கொடு என்று ஸ்டாட்டிக் ரூட் எழுதுவது. முறையான வழி இதுதான். ஆனால் நிறுவனம் தரும் ரூட்டர்கள் பலவற்றில் அந்த வசதியைப் பூட்டி வைத்திருப்பார்கள், கேட்வே காலியாக உள்ள டிவிஆருக்கும் இது உதவாது. இரண்டாவது, மாஸ்கரேட். பை தன் சொந்த முகவரியைப் பாக்கெட்டின் மேல் எழுதி அனுப்பும். டிவிஆருக்குப் பக்கத்தில் இருக்கும் பை பேசுவது போலத்தான் தெரியும், பதிலைப் பையிடமே தரும். வேற்று நெட்வொர்க்கிலிருந்து வரும் பிங்குக்கு விண்டோஸ் ஃபயர்வால் பதில் தராத சிக்கலும் இதிலேயே தீரும். இழப்பு ஒன்றுதான்: யார் உள்ளே வந்தாலும் டிவிஆரின் பதிவில் பையின் முகவரியே இருக்கும். வீட்டுக்கு அது பரவாயில்லை, மாஸ்கரேட்டையே பரிந்துரைக்கிறோம்.

லாகின் பக்கம் வருகிறது, உள்ளே போனால் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேல் ஐபிவி4-இல் 60 பைட், ஐபிவி6-இல் 80 பைட் உறை போடுகிறது. 1500 பைட் பாதைக்கு 1420 என்று அது எடுத்துக்கொள்வது இதனால்தான். பிபிபிஓஇ (ரூட்டரில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் வகை) இணைப்பில் பாதையே 1492, மொபைலில் இன்னும் குறையலாம். சிறிய பாக்கெட் நுழையும், பெரிய பாக்கெட் முட்டி நிற்கும். அதனால்தான் லாகின் பக்கம் வந்து வீடியோ வரவில்லை. பை, போன், சர்வர் மூன்றிலும் எம்டியு 1280 என்று எழுதிப் பாருங்கள். சரியானால் அப்படியே விட்டுவிடலாம், கண்ணுக்குத் தெரியும் வேக இழப்பு இல்லை.

கரண்ட் போய் வந்த பிறகு டனல் சில சமயம் வருவதே இல்லை.

கடிகாரத்தைப் பாருங்கள். பை 4 வரையிலான பைகளில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், அதாவது பின்தங்கியிருக்கும். வயர்கார்டு ஹேண்ட்ஷேக்கில் நேர முத்திரை உண்டு. அதே கீயிடமிருந்து முன்பு பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், பழையதை யாரோ திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதிச் சர்வர் நிராகரிக்கும். இணையத்திலிருந்து நேரம் வாங்கும் என்டிபி நேரத்தைச் சரிசெய்ததும் தானாகவே சேர்ந்துவிடும். ஒன்றிரண்டு நிமிடத் தாமதம், அவ்வளவுதான். ஆனால் பையின் அலவ்டு ஐபீஸ் வரியில் 0.0.0.0/0 என்று எழுதியிருந்தால் என்டிபியும் டனலுக்குள் போகப் பார்க்கும். நேரம் சரியாக டனல் வேண்டும், டனல் எழ நேரம் சரியாக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பையில் 10.77.0.0/24 மட்டும் எழுதுங்கள். ஆர்டிசி (பேட்டரிக் கடிகாரம்) மாட்யூல் ஒன்று மாட்டினால் இந்தக் கவலையே இல்லை. பை 5-இல் அது உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் வாங்க வேண்டும்.

எவ்வளவு டேட்டா போகும்?

நீங்களே கணக்குப் போடலாம். மெயின் ஸ்ட்ரீம் 4 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 1.8 ஜிபி. நாள் முழுக்க ஓடினால் 43 ஜிபி, மாதம் 1.3 டிபி, சிறிய பிளானின் 500 ஜிபி பன்னிரண்டு நாளிலேயே முடியும். தரம் குறைத்த சப் ஸ்ட்ரீம் 512 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 230 எம்பிதான். போனில் பார்க்க சப் ஸ்ட்ரீமே போதும், எஸ்டேட் கேட்டில் நிற்பது யாரென்று தெரியும். பதிவை எப்போதும் மலைமேலுள்ள ஹார்ட் டிஸ்கிலேயே வையுங்கள். வேண்டிய ஐந்து நிமிடத்தை மட்டும் இழுங்கள். 4ஜி என்றால் வீட்டின் அப்லோட் வேகமே தடை, டவுன்லோட் எவ்வளவு காட்டினாலும் பயனில்லை.

கிளவுட் சர்வர் என் வீட்டுப் போக்குவரத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். போனிலிருந்து வரும் டனல் சர்வரில் முடிந்து, அங்கிருந்து வீட்டுக்கு இன்னொரு டனல் தொடங்குகிறது. நடுவில் ஒரு கணம் பாக்கெட் பூட்டில்லாமல் இருக்கும். அதனால் சர்வரைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்: தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சில் கீ மட்டும், பாஸ்வேர்டு லாகின் நிறுத்தம், தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட், அந்தச் சர்வரில் வேறு வெப்சைட் எதுவும் வேண்டாம். உள்ளே பேசுவதும் எச்டிடிபிஎஸ்ஸாக இருந்தால் இரட்டைப் பூட்டு.

இது சட்டப்படி சரியா?

சொந்த வீட்டை எட்ட விபிஎன் போடுவதற்கு இந்தியாவில் தடை இல்லை. 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் சேவை விற்பவர்களும் கிளவுட் நிறுவனங்களும் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடமை அவர்களுடையது. சர்வர் உங்கள் பெயரில் பதிவாகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்து, கீயைக் கண்டவருக்கும் கொடுக்காதீர்கள்.

டெயில்ஸ்கேல் என்ற ஆயத்த விபிஎன் சேவையைப் போட்டால் இவ்வளவு வேலை இல்லையே?

உண்மைதான். அதுவும் உள்ளே வயர்கார்டுதான். கீ மாற்றுவது, நாட்டைத் துளைப்பது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறது. லினக்ஸ் தொடப் பயமாக இருந்தால் அதைப் போடுங்கள், தவறில்லை. பையை சப்நெட் ரூட்டராக அறிவித்தால் டிவிஆரையும் எட்டலாம். ஆனால் கணக்கும் கட்டுப்பாடும் ஒரு நிறுவனத்திடம் இருக்கும், அவர்கள் விதி மாறினால் நீங்களும் மாற வேண்டும். சொந்தச் சர்வரில் ஒருமுறை பாடுபட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓடும்.

யூடிபியையே தடுக்கும் அலுவலகம், ஹோட்டலில் என்ன செய்வது?

வயர்கார்டு யூடிபியில் மட்டும் பேசும். போனின் மொபைல் டேட்டாவுக்கு மாறுவது எளிய வழி. அடிக்கடி தேவைப்பட்டால் அதே சர்வரில் ஓப்பன்விபிஎன்னை டிசிபி 443-இல் கூடுதலாக ஓட்டலாம். வேகம் குறையும், ஆனால் நுழையும்.

தூரத்திலிருந்து கான்ஃபிக்கைத் திருத்தி, நானே வெளியே பூட்டிக்கொண்டால்?

மண் சரிந்து அடிவாரச் சாலை அடைபட்டால் குப்பனூர் வழியாக மலையேறுவது போல, இரண்டாவது வழி ஒன்றை முன்பே போட்டு வையுங்கள். பையிலிருந்து சர்வருக்கு ஆட்டோஎஸ்எஸ்எச் மூலம் ரிவர்ஸ் டனல்: சர்வரின் உள்முகவரியில் 2222-ஐத் தட்டினால் பையின் 22 திறக்கும்படி. இது டிசிபி, வயர்கார்டோடு சம்பந்தமே இல்லை, வயர்கார்டு கோப்பு கெட்டாலும் இது நிற்கும். திருத்தத் தொடங்கும்முன் பழைய கோப்பைக் காப்பி எடுத்து, பத்து நிமிடத்தில் அதைத் திரும்ப வைத்துச் சேவையை ரீஸ்டார்ட் செய்யும்படி ஒரு வேலையை நேரம் குறித்து வையுங்கள். திருத்தம் சரியாக வந்தால் அந்த வேலையை ரத்து செய்யலாம்.

இடி மின்னலில் கருவிகள் போகின்றன.

கோடை மழைக் காலத்தில் மலைமேல் இது தவிர்க்க முடியாதது. வீட்டுக்குள் வரும் ஃபைபரில் மின்னல் பாயாது. பாய்வது கரண்ட் லைனிலும், வீட்டுக்கும் களத்துக்கும் இடையே மரங்களின் வழியே இழுத்த செம்புக் கேபிளிலும்தான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஈத்தர்நெட் கேபிள் வேண்டாம். இருபுறமும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து நடுவில் ஃபைபர் போடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பாருங்கள். எர்த் இல்லாத இடத்தில் சர்ஜ் புரொடெக்டர் வெறும் பெட்டிதான்.

போன் தொலைந்துவிட்டது.

சர்வரில் அந்தப் போனின் பியரை நீக்கிச் சேவையை ரீலோட் செய்யுங்கள். அந்த நொடியே அந்த வழி அடைபடும். மற்றப் போன்களுக்கு எதுவும் ஆகாது. எந்தக் கீ யாருடைய போன் என்று கான்ஃபிக் கோப்பில் ஒவ்வொரு பியருக்கும் மேல் ஒரு கமென்ட் வரி எழுதி வைத்திருந்தால்தான் இதைப் பதற்றமில்லாமல் செய்ய முடியும். டிவிஆர் ஆப்பில் பாஸ்வேர்டு சேமித்திருந்தால் அதையும் அன்றே மாற்றுங்கள்.